கண்டு கற்கும் குழந்தை

(குடமுழுக்கு விழாவினையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலகம்மை உடனுறை காசி விசுவநாதப் பெருமானின் திருவடிகளை மனத்தில் இருத்திச் சில சொற்கள் கூற விழைகின்றேன். குடமுழுக்கு விழாவிலே பேச எழுபவர் சமய தத்துவத்தையோ தலத்தின் பெருமையையோ எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றை என்னினும் நன்கறிந்த பெரியோர்கள் இருக்கின்றார்கள். நான் எடுத்துக்கொண்டது சிறிய பொருள். ஆயினும் நம் ஒவ்வொருவர் வீட்டினுள்ளும் நாள்தோறும் நிகழ்கின்ற பொருள். பெற்றோர் நடக்கின்ற நடையும், வீடு இருக்கின்ற இருப்பும் இளங்குழந்தையின் உள்ளத்தை எவ்வாறு ஆக்குகின்றன என்பதே அது.

இதற்கும் குடமுழுக்கிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வேள்விச்சாலையில் வைத்துப் பூசித்த குடத்து நீரை விமானத்தின் மேலும் கோபுரக் கலசத்தின் மேலும் சொரிகின்றோம். அந்த நீர் தூயதாய் இருக்கவேண்டும் என்பதில் எத்தனை கவலை கொள்கின்றோம்! நோன்பு இருந்தவர் தொடவேண்டும். நூல் சுற்றிய குடமாய் இருக்கவேண்டும். மாவிலையும் தேங்காயும் வைத்து மறைத்திருக்கவேண்டும். இவ்விழா பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. ஆனால் வீட்டிலே வளரும் குழந்தையின் தலைமேல் விடியற்காலை முதல் உறங்கும் வரையில் ஒரு நீர் இடையறாது சொரிந்துகொண்டே இருக்கின்றது. நாம் பேசுகின்ற பேச்சு, கொள்ளுகின்ற சினம், காட்டுகின்ற இரக்கம், சொல்லுகின்ற பொய் ஆகியவை எல்லாம் சேர்ந்த நீர் அது. அந்தக் குடத்தில் என்ன இருக்கின்றது என்று எட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

குற்றாலத்திற்குச் சென்று அருவியாடி வராதவர் இங்கு ஒருவரும் இரார். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும்பொழுது பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, குழல்வாய்மொழியம்மை உடனுறை குற்றாலநாதரையும் கண்டு வருகின்றோம். அங்கே சிறிது தொலைவில் தனித்து நிற்கின்ற சித்திர சபைக்குள்ளும் சென்று பாருங்கள். தில்லையிலே பொன்னம்பலம், மதுரையிலே வெள்ளியம்பலம், திருநெல்வேலியிலே தாமிர சபை, திருவாலங்காட்டிலே இரத்தின சபை. இங்கே மட்டும் பெருமான் ஓவியத்திலே ஆடுகின்றான். சுவர்களெங்கும் புராணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. எழுத்தறியாத முதியவளும், எழுத்துப் பயிலாத மழலையும் அச்சுவர்களைப் பார்த்தபடியே சுற்றி வந்து, படித்தவர் அறிவதை அறிந்துகொள்கின்றார்கள்.

நம்முடைய வீடுதான் நம் குழந்தையின் சித்திர சபை. மூன்று வயதுக் குழந்தைக்கு நூல் படிக்கத் தெரியாது. அறிவுரையின் பொருள் விளங்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பார்ப்பது ஒன்றே. பால்காரரிடம் தந்தை எவ்வாறு பேசுகின்றார், பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்குத் தாய் எந்தத் தட்டிலே உணவிடுகின்றாள், திண்ணையில் இருக்கும் பாட்டி இரண்டாம் முறை ஒன்றைக் கேட்டால் என்ன விடை வருகின்றது என்று எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கின்றது. நாம் ஓவியம் தீட்டுவதாக எண்ணாமலே தீட்டிக்கொண்டிருக்கின்றோம். அழிக்க எண்ணும்பொழுதுதான் வண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கின்றது என்பது தெரியவருகின்றது.

நம் பொருநை நாட்டிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலே ஸ்ரீவைகுண்டத்தில் சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் ஒரு குழந்தை பிறந்தது. ஐந்து வயது வரையில் அது வாய் பேசவில்லை. பெற்றோர் மனம் கலங்கித் திருச்செந்தூர்ப் பெருமானின் சந்நிதியை அடைந்து நோன்பிருந்தனர். முருகன் அருளால் அக்குழந்தை வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடியது. அவர்தாம் குமரகுருபரர். இது திருவருளின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த ஐந்தாண்டுகளும் அக்குழந்தையின் வாய்தானே மூடியிருந்தது? கண்ணும் காதும் மூடியிருக்கவில்லையே! தந்தையோ கவிராயர். தமிழ் ஒலித்துக்கொண்டிருந்த வீட்டிலே, பேசாத பிள்ளை என்று ஒதுக்கிவிடாமல் அதனைத் தோளில் சுமந்து கடற்கரைக் கோயில்வரை சென்ற அன்பைப் பார்த்துக்கொண்டே அப்பிள்ளை வளர்ந்தது. அருள் வந்து திறந்தபொழுது, திறப்பதற்கு உள்ளே ஒரு செல்வம் நிறைந்திருந்தது.

இனிச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே காட்டும் மற்றொரு வீட்டைக் காண்போம். திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் மறைந்துவிட்டனர். மகள் திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரிலே உயிர் துறந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பி மருணீக்கியார் அழுது வேண்டியதனால் அவர்பொருட்டு உயிர் தாங்கினார். பெற்றோர் இல்லாத வீட்டில் அக்காளே தாயும் தந்தையும் ஆனாள். அவ்வளவு அன்பாக வளர்த்த தம்பி ஒருநாள் அவர் நெறியை விட்டு வேறு சமயம் புகுந்தான்.

இந்த இடத்திலே நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? ஆளை விட்டு மிரட்டியிருப்போம். ஊரைக் கூட்டிப் புலம்பியிருப்போம். திலகவதியார் திருவதிகை வீரட்டானத்திற்குச் சென்றார். விடியுமுன் எழுந்து கோயிலை அலகிட்டார். சாணம் கொண்டு மெழுகினார். மலர் பறித்து மாலை தொடுத்தார். தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டார். தம்பியிடம் வாதம் செய்யவில்லை. சூலை நோய் பற்றிய தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபொழுதும், முன்னரே சொன்னேனே என்று குத்திக் காட்டவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு தந்தார். பொழுது புலரும் நேரம் வந்தது. திருவலகும் மெழுகு சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார்.

அத்தம்பியே நாவுக்கரசரானார். நாவுக்கு அரசர் என்று உலகம் போற்றிய அப்பெரியார் தம் கையிலே எதனை ஏந்தினார்? உழவாரப் படையை ஏந்தினார். ஊர்தோறும் சென்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அக்காளின் கையிலே கண்ட அலகுதான் தம்பியின் கையிலே உழவாரமாயிற்று என்று எனக்குத் தோன்றும். இடையிலே எத்தனையோ ஆண்டுகள் அவர் விலகி இருந்தார். இளமையில் கண்ட காட்சி அத்தனை ஆண்டுகளும் அழியாமல் உள்ளே காத்திருந்தது. பிள்ளை வழி மாறிவிட்டானே என்று வருந்துகின்ற பெற்றோர் இக்கூட்டத்தில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் கூறக்கூடிய ஆறுதல் திலகவதியாரின் வாழ்க்கைதான். உங்கள் நற்பணியை நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வருகின்ற நாளிலே அவன் காண்பதற்கு வாசல் மெழுகியிருக்கவேண்டும்.

“இரணியன் வீட்டிலே பிரகலாதன் பிறக்கவில்லையா?” என்று சிலர் வினவுவர். நல்ல வினா. தீய வீட்டிலும் நல்ல பிள்ளை தோன்றலாம். ஆயினும் பிரகலாதன் தாயின் கருவில் இருந்தபொழுதே நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் என்று புராணம் கூறுகின்றதன்றோ? தந்தையிடம் கிடைக்காததை ஒரு பெரியவர் தந்தார். ஆகவே வீட்டிலே குறை இருந்தால் பாட்டனும் பாட்டியும், ஆசிரியரும் அயலாரும், இத்திருக்கோயிலும் அக்குறையை நிரப்பவேண்டும். ஊரார் பிள்ளையும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றது.

தென்காசியை ஆண்ட பாண்டியர்கள் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அதிவீரராம பாண்டியர் நைடதம், காசிகாண்டம் முதலிய பெருநூல்களைத் தமிழில் யாத்தவர். புலவர்களுக்கு ஔடதம் என்று புகழப்படும் நைடதத்தைப் பாடிய அதே கை, எழுத்துப் பழகும் சிறுவர்க்காக வெற்றிவேற்கை என்னும் சிறு நூலையும் எழுதிற்று. நறுந்தொகை என்பதும் அதன் பெயர். திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே ஆத்திசூடியோடும் கொன்றைவேந்தனோடும் அதுவும் ஓதப்பட்டது. முடிமன்னர் ஒருவர் சிறு குழந்தையின் அளவுக்குக் குனிந்து எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்குந்தோறும் வியப்பு உண்டாகின்றது. ஆனால் நூலை மனப்பாடம் செய்வித்துவிட்டால் மட்டும் போதுமா? பள்ளியிலே பாடமாய்க் கேட்டதை மாலையிலே வீட்டிலே மெய்யாய்க் காணவேண்டும். அங்கே வேறொன்றைக் கண்டால், நூல் என்பது ஒப்பிப்பதற்கு மட்டும் உரியது என்று குழந்தை முடிவு செய்துவிடுகின்றது.

இது வெறுங் கற்பனை அன்று. 1970-ஆம் ஆண்டிலே பிரையன், வால்பெக் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். விளையாட்டிலே வென்ற பரிசில் ஒரு பங்கை ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. சிறுவர் கண்முன்னே பெரியவர் ஒருவர் அவ்விளையாட்டை ஆடிக் காட்டினார். சிலர் முன்னே கொடுப்பது நன்று என்று பேசிவிட்டுத் தாம் கொடாமல் இருந்தார். சிலர் முன்னே கொடுத்தும் காட்டினார். முடிவு என்ன? சிறுவர்கள் கொடுத்ததும் கொடாததும் அப்பெரியவரின் செயலைப் பின்பற்றியே அமைந்தன. அவருடைய பேச்சு வீணாகவில்லை. அது சிறுவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. கொடாமலே கொடையைப் பற்றி அழகாகப் பேசும் கலையை அவர்கள் பயின்றார்கள்! நம் பாட்டிமார் சோதனைச்சாலை இல்லாமலே அறிந்திருந்த செய்திதான் இது.

கொடை என்றதும் திருக்கோயிலுக்கு வருகின்றேன். குழந்தையைக் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வருகின்றோம். அங்கே அது எதைப் பார்க்கின்றது? வரிசையிலே கால் கடுக்க நிற்கின்ற முதியவரைத் தாண்டி நாம் தெரிந்தவரைப் பிடித்து முன்னே செல்வதைப் பார்க்கின்றது. சந்நிதியிலே தீபாராதனை நடக்கையில் நம் கையிலே கைப்பேசி ஒளிர்வதைப் பார்க்கின்றது. முதல் மரியாதை யாருக்கு என்று பெரியவர்கள் முகம் சிவந்து நிற்பதையும் பார்க்கின்றது. வீடு திரும்பியபின், “சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாய்?” என்று கேட்கின்றோம். இறைவன் சந்நிதியிலும் முந்திக்கொண்டவர்க்கே இடம் என்று அது பாடம் கற்றுத் திரும்பியிருப்பதை நாம் அறிவதில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். பிள்ளை வளர்ப்பு என்றாலே தாயின்மேல் சுமத்திவிடுவது நம்மிடையே நெடுநாளைய பழக்கம். நல்ல பிள்ளை என்றால் தந்தையின் பெயர். கெட்ட பிள்ளை என்றால் தாயின் வளர்ப்பு! இது நீதியாகாது. தாயைத் தந்தை எவ்வாறு மதிக்கின்றான் என்பதுதான் குழந்தை காணும் முதற் பாடம். தாய் பேசும்பொழுது தந்தை காது கொடுத்துக் கேட்கின்ற வீட்டிலே பிறந்த பிள்ளைக்குப் பெண்ணை மதிக்கத் தனியே கற்பிக்கவேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்லும் நான் இதிலே தேறியவன் அல்லன். தவறியவன் என்பதனாலேயே சொல்லத் துணிந்தேன்.

1950-களின் பிற்பகுதியில் நான் ஐந்தாறு வயதுச் சிறுவன். அன்றைக்கு நம் கோயிலுக்கு இராஜகோபுரம் இல்லை. பராக்கிரம பாண்டியர் தொடங்கிய அந்த ஒன்பதுநிலைக் கோபுரம் 1924-ஆம் ஆண்டிலே தீக்கு இரையாகிச் சிதைந்துபோயிற்று. நான் அறிந்ததெல்லாம் மேலே நிலைகளற்று நின்ற இடிபாடு மட்டுமே. கடைக்குச் செல்லும் என் தந்தையார் ஒவ்வொரு நாளும் அந்த இடத்திற்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தை நிமிர்த்தி, உயரத்தைப் பார்த்துக் கைகூப்புவார். கோபுரத்தின் உச்சி இருந்திருக்கவேண்டிய வானத்தைத்தான் அவர் பார்த்தார். ஒருநாள் நான், “அங்கேதான் ஒன்றுமில்லையே, எதைக் கும்பிடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “கோபுரந்தாம்லே விழுந்திருக்கு, சாமி விழலையே” என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை. மறுநாள் முதல் நானும் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அறுபத்தாறு ஆண்டுகள் இவ்வூர் கோபுரமின்றி இருந்தது. பிறகு டாக்டர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று உழைக்க, அன்பர் பலர் பொருள் வழங்க, 1990-ஆம் ஆண்டிலே கோபுரம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அன்று கூடியிருந்தவர்களிலே பழைய கோபுரத்தை முழுமையாய்க் கண்டவர் மிகச் சிலரே. கண்ணாற் காணாத ஒன்றின்மேல் அத்தனை பேருக்கும் ஏக்கம் எங்கிருந்து வந்தது? என் தந்தையைப்போல் எத்தனை தந்தையரும் தாயரும் அவ்வெற்றிடத்தின்முன் நின்றிருக்கவேண்டும்! அவர்களுடைய பிள்ளைகள் அருகில் நின்று பார்த்திருக்கவேண்டும்!

அந்த 1990-ஆம் ஆண்டிலே என் மகனுக்கு வயது ஐந்து. தோளில் தூக்கிவைத்துக் குடமுழுக்கைக் காட்டினேன். கோபுரத்தின் வரலாற்றையெல்லாம் விரிவாகச் சொன்னேன். அதன்பின் என் வேலை, என் அவசரம். நாள்தோறும் அதே வழியாக வண்டியிலே அவனை ஏற்றிக்கொண்டு சென்றேன், ஒருநாளும் நிறுத்தவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதானபொழுது, கோபுரத்தை ஏறிட்டும் பாராமல் அவன் கடந்து போவதைக் கண்டேன். “இப்படியா பழகுவது?” என்று கடிந்துகொண்டேன். அவன் என்னை எதிர்த்துப் பேசவில்லை. வியப்போடு, “நீங்களும் நின்றதில்லையே அப்பா” என்றான்.

இல்லாத கோபுரத்தை வணங்க என் தந்தையார் எனக்குக் கற்றுத் தந்தார். வானளாவி நிற்கின்ற கோபுரத்தைக் காணாமற் போக நான் என் மகனுக்குக் கற்றுத் தந்தேன். இருவருமே வாயினாற் கற்பிக்கவில்லை.

மறுநாள் வண்டியை நிறுத்தினேன். அவனை நிற்கச் சொல்லவில்லை; நான் இறங்கி நின்றேன். அவன் வண்டியிலேயே அமர்ந்திருந்தான். பல ஆண்டுகள் அப்படியே சென்றன. படித்து, வேலைக்கென்று வேற்றூர் சென்றான். சென்ற சாரற் பருவத்திலே தன் மூன்று வயதுக் குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தான். மூவரும் நடந்து வந்தோம். கோபுர வாயிலில் எப்பொழுதும் எதிர்த்து வீசுகின்ற காற்று அன்றும் வீசியது. நான் கைகூப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். குழந்தை தன் சிறு கைகளைக் குவித்து நின்றது. அது பார்த்துக்கொண்டிருந்தது என்னை அன்று, தன் தந்தையை. என் மகன் நிமிர்ந்து உச்சியை நோக்கியவாறு கைகூப்பி நின்றிருந்தான். அவன் எப்பொழுது தொடங்கினான் என்பதை நான் அறியேன், கேட்கவுமில்லை.

பெருமக்களே! 1446-ஆம் ஆண்டிலே இத்திருக்கோயிற் பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்திலே இக்கோயிலுக்கு ஊறு நேர்ந்தால் அதனைத் திருத்திக் காக்கப்போகின்றவர் அடிகளிலே அன்றே வீழ்ந்து வணங்குவதாகப் பொருள்படக் கல்லிலே வெட்டி வைத்தார். தம் காலத்திலே முடிவுறாத கோபுரப் பணியைத் தம்பி குலசேகர பாண்டியர் முடித்து வைத்தார். மன்னர் எவ்வாறு பணிந்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அத்தம்பி. இனிப் பிறக்கப்போகின்ற நம்மையெல்லாம் மன்னர் வணங்கினார். நாமோ நம் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கின்ற குழந்தையின் கண்களை மறந்துவிடுகின்றோம்.

நீங்கள் வழங்கிய பொன்னும் பொருளும் கல்லிலும் சுதையிலும் கலந்து நெடுங்காலம் நிற்கும். அதனோடு இன்னுமொரு திருப்பணியையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றேன். அதற்கு நிதி வேண்டுவதில்லை. மாலையிலே விளக்கேற்றியபின் கால்மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். உண்ணும்பொழுது அயலாரைப் பழிக்கும் பேச்சு இல்லாதிருக்கட்டும். தவறு செய்தால் குழந்தையிடத்திலும், “நான் செய்தது பிழை” என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. கொடுக்கும்பொழுது குழந்தையின் கையாலே கொடுக்கச் செய்யுங்கள்; கொடுத்ததைப் பேசாதிருக்கவும் அது உங்களிடமே கற்றுக்கொள்ளட்டும். இத்தனையும் செய்ய இயலாவிடில், நாளைக் காலை இவ்வழியே செல்கையில் ஒருகணம் நின்று செல்லுங்கள்.

குற்றால மலையிலே விழுகின்ற துளிதான் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடிப் பொருநையோடு கலக்கின்றது. மேலே தெளிந்த நீர் கீழும் வருக!

உலகுக்கெல்லாம் அம்மையாய் விளங்கும் உலகம்மையும், அப்பனாய் விளங்கும் காசி விசுவநாதப் பெருமானும் நம் இல்லங்களிலும் எழுந்தருளி, நம் மக்களைக் காத்தருள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.